மாமரத்தில் நூல் விட்டு இறங்கிய முசுறு

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய மாமரம் ஒன்று இருக்கிறது. மரம் முழுக்க முசுறு. இலைகளைச் சேர்த்து ஒட்டிப் பந்து பந்தாகக் கூடு வைத்திருக்கின்றன. போன வாரம் காய் பறிக்கும்போது, தாழ்ந்த கிளையிலிருந்து ஒரே ஒரு முசுறு மட்டும் மெல்லிய நூலில் தொங்கியபடி இறங்கியது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்துவிட்டு, அதே நூலைப் பிடித்து மேலே ஏறிப் போய்விட்டது. “அது எறும்பே இல்லை, சிலந்தி” என்கிறான் மகன். “முசுறு கூட்டையே நூலால்தான் ஒட்டுகிறது. அதற்கு நூல் விட்டு இறங்கத் தெரியாதா?” என்கிறாள் மகள். கால்களை எண்ணினால் தெரிந்துவிடும் என்று நான் உற்றுப் பார்த்தேன். ஆறு கால்கள்தான் தெரிந்தன. முன்னால் இரண்டு உணர்கொம்புகளும் ஆடிக்கொண்டிருந்தன. எறும்பு நூல் விடுமா? இப்படி ஐயம் வந்தால் எதை வைத்து முடிவுசெய்வது?
— ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே உயிரைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டில் மூன்று விதமாக யோசித்திருக்கிறீர்கள். மூவரிடமும் ஆதாரம் இருக்கிறது என்பதுதான் இந்தக் கேள்வியின் அழகு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகன் சொன்னதுதான் சரி. நீங்கள் பார்த்தது சிலந்தி. அதற்காக மகளின் வாதத்தைத் தள்ளிவிட வேண்டாம், அதில் பாதி உண்மை. நீங்கள் ஆறு என்று எண்ணியதும் உங்கள் கண்ணின் குறை அல்ல. பார்ப்பவரை ஆறு என்று எண்ண வைப்பதில்தான் அந்தச் சிலந்தியின் பிழைப்பே இருக்கிறது.

இது குதிக்கும் சிலந்திகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. வலை கட்டி உட்காராமல், கண்ணால் பார்த்துப் பாய்ந்து இரை பிடிக்கும் குடும்பம் அது. வீட்டுச் சுவரில் ஈயைத் துரத்தித் தாவும் குட்டிச் சிலந்தியும் இதற்குச் சொந்தம்தான். முசுறைப் போலவே உருவம் கொண்ட இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் மிர்மாப்ளாட்டா ப்ளாட்டாலியாய்டிஸ். 1869இல் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை, முசுறு இருக்கும் மரங்களில் இதுவும் இருக்கும். இருந்தும் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. பட்டாலும் எறும்பென்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். நூலைக் கவனித்ததால் நீங்கள் கடக்கவில்லை.

முதலில் மகளின் வாதத்துக்கு வருகிறேன். முசுறுக் கூட்டில் இலைகளை ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலம் நூல்தான், பட்டு நூல். ஆனால் அதை நெய்வது நாம் பார்க்கும் சிவந்த எறும்பு அல்ல. வளர்ந்த முசுறின் உடம்பில் நூல் சுரக்கும் வசதி கிடையாது.

கூடு கட்டும் நேரத்தில் கவனித்தால் இது விளங்கும். முதலில் ஒரு வரிசை எறும்புகள் ஓர் இலையின் விளிம்பில் காலூன்றி, பக்கத்து இலையைத் தாடையால் கவ்வி இழுக்கும். இலைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால், ஒன்றன் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாக நீண்டு இழுக்கும். விளிம்புகள் நெருங்கியதும், வேறு சில எறும்புகள் கூட்டுக்குள்ளிருந்து தங்கள் குஞ்சுகளைத் தூக்கி வரும். குஞ்சு என்றால் கால் இல்லாத வெள்ளைப் புழு. அதை வாயில் இதமாகப் பிடித்துக்கொண்டு, இந்த இலை விளிம்பில் அதன் தலையை ஒருமுறை தொட வைக்கும். பிறகு அந்த விளிம்பில் தொட வைக்கும். ஒவ்வொரு தொடுகையிலும் புழுவின் வாயோரச் சுரப்பியிலிருந்து பட்டு இழை வெளிவந்து ஒட்டிக்கொள்ளும். தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாவைப் போல, ஒரு புழு இரண்டு இலைக்கும் நடுவே போய்வரும். வேறு பல எறும்பு இனங்களில் புழு தன் சொந்தப் பட்டால் தன்னைச் சுற்றிக் கூடு பின்னிக்கொண்டுதான் எறும்பாக மாறும். முசுறுப் புழுவோ அந்தப் பட்டை ஊருக்கே கொடுத்துவிட்டுக் கூடில்லாமலேயே உருமாறுகிறது.

ஆகவே முசுறுக் குடியிருப்பில் நூல் உண்டு. நூல் விட்டு இறங்கும் முசுறு கிடையாது. கிளையிலிருந்து தவறினால் அது நேராகக் கீழே விழும்.

நூல் என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்த உயிரையும் அடையாளம் சொல்ல முடியாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பட்டுப்புழு நூல் விடுகிறது. முசுறுப் புழு நூல் விடுகிறது. சிலந்தி விடுகிறது. கல்லுக்கும் மரப்பட்டைக்கும் அடியில் வாழும் நூற்புப்பூச்சி என்ற சிறு இனமும் விடுகிறது. கேட்க வேண்டியது, நூல் உடம்பில் எங்கிருந்து வருகிறது என்பது. பட்டுப்புழுவுக்கும் முசுறுப் புழுவுக்கும் வாயருகிலிருந்து வரும். நூற்புப்பூச்சிக்கு, வியப்பாக இருக்கும், முன்னங்கால் பாதத்திலிருந்து. சிலந்திக்கு வயிற்றின் கடைக்கோடியில் உள்ள நூற்புறுப்புகளிலிருந்து, அதாவது நூலை வெளியே விடும் சின்னக் காம்புகளிலிருந்து. இனி இப்படித் தொங்கும் ஒன்றைக் கண்டால் நூல் எந்த முனையில் முடிகிறது என்று பாருங்கள். பின்முனையிலிருந்து நூல் புறப்பட்டால் அது சிலந்திதான்.

இப்போது கால் கணக்கு. ஆறு கால் பூச்சி, எட்டுக் கால் சிலந்தி என்று பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அது தவறான பாடம் அல்ல. ஆனால் வெறும் எண்ணிக்கையை நம்பிக் கொல்லைக்குள் இறங்கினால் அது அடிக்கடி காலை வாரிவிடும். மாட்டின் காதில் ஒட்டும் உண்ணியைப் பாருங்கள். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், முட்டையிலிருந்து வந்த புதுக் குஞ்சுக்கு ஆறுதான். மழைக்குப் பின் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட்டாக ஊரும் தம்பலப்பூச்சிக்கும் அப்படியே, குஞ்சில் ஆறு, வளர்ந்தபின் எட்டு. இரண்டும் சிலந்தியின் உறவினர்கள், பூச்சிகள் அல்ல. எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி பூவில் உட்காரும்போது நான்கு கால்தான் தெரியும். முன்னங்கால் இணை குறுகி நெஞ்சோடு ஒட்டிக் கிடப்பதால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே பட்டாம்பூச்சி புழுவாக இருந்தபோது எண்ணினால் பதினாறு வரும். அவற்றில் முன்னால் இருக்கும் மூன்று இணைகளே கணுவுள்ள உண்மையான கால்கள். பின்னால் இருப்பவை இலையைப் பற்றிக்கொள்ள உதவும் சதைப் புடைப்புகள். இதெல்லாம் போக, எதிரியிடம் ஒரு காலை விட்டுவிட்டுத் தப்பி வந்த சிலந்திக்கு ஏழு இருக்கும்.

தேளை எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கியோடு சேர்த்துப் பத்து என்று எண்ணிவிட்டு, நண்டுக்கும் பத்து, ஆகவே இரண்டும் ஓரினம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நண்டின் இடுக்கி அதன் முதல் கால் இணை, நடக்கும் கால்களின் வரிசையில் முன்னால் நிற்பது. தேளின் இடுக்கி கால் வரிசையைச் சேர்ந்ததல்ல. வாய்க்குப் பக்கத்தில் உள்ள பெடிபால்ப் என்ற துணையுறுப்பு அது, சிலந்தியின் முகத்தருகே குட்டைக் கால் மாதிரி இரண்டு துருத்திக்கொண்டிருக்குமே, அதேதான் தேளில் பெருத்து இடுக்கியாகிவிட்டது. இரண்டும் கவ்வுகின்றன, இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஆனால் முளைத்திருக்கும் இடம் வேறு, ஆகவே பிறப்பும் வேறு. பூரான் இதற்கு நேர்மாறான வேடிக்கை. அது கடிக்கிறது என்று சொல்கிறோம். நம் தோலில் இறங்குவது வாயில் உள்ள பல் அல்ல. நஞ்சுக் கொக்கியாக மாறிப்போன அதன் முதல் கால் இணைதான் இறங்குகிறது.

ஆகையால் பூச்சியியல் படித்தவர்கள் கால்கள் எத்தனை என்பதோடு நிற்பதில்லை. அவை உடம்பின் எந்தப் பகுதியில் பொருந்தியிருக்கின்றன என்று பார்க்கிறார்கள். அதற்கும் முன்னால் உணர்கொம்பைத் தேடுகிறார்கள்.

உங்கள் மரத்து முசுறையும் அந்தச் சிலந்தியையும் தனித்தனிக் கண்ணாடி டம்ளருக்குள் வைத்து அடிப்பக்கத்திலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும், இரண்டும் ஆரஞ்சு கலந்த பழுப்பு. மேலிருந்து பார்த்தால் தலை, மெலிந்த நடுப்பகுதி, குறுகிய இடை, பின்னால் வயிறு என்று இரண்டும் ஒரே அச்சு. அடிப்பக்கம் வேறு கதை சொல்லும்.

முசுறின் தலையில் கால் எதுவும் இல்லை. மூன்று இணைக் கால்களும் நடுப்பகுதியான மார்பிலிருந்து புறப்படுகின்றன. தலையிலிருந்து புறப்படுவது ஓர் இணை உணர்கொம்பு மட்டும். அந்தக் கொம்பு தனி அடையாளம் கொண்டது. முதலில் நீளமான ஒரே கணு, அதன் முடிவில் முழங்கையை மடக்கியது போல ஒரு திருப்பம், அப்புறம் சின்னச் சின்னக் கணுக்கள். இந்த முழங்கை மடிப்பு எறும்பை அறிய உதவும் முத்திரை போன்றது. கண்கள் தலையின் இரு பக்கமும் ஒவ்வொன்று. அவை கூட்டுக்கண்கள், பல நுண்ணிய கண்ணறைகள் சேர்ந்து ஒன்றானவை.

சிலந்தியில், மேலே தலையென்றும் மார்பென்றும் தெரிந்தவை கீழே ஒரே துண்டு. அதற்குத் தலைமார்பு என்று பெயர். அந்த ஒரே துண்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, மேலிருந்து பார்க்கும்போது இரண்டாகப் பிரிந்தது போன்ற தோற்றத்தைத் தருகிறது. நான்கு இணைக் கால்களும் அந்தத் தலைமார்பிலேயே பொருந்தியிருக்கின்றன. உணர்கொம்பு என்று நீங்கள் கண்டது முதல் கால் இணை. அது முகத்தின் உச்சியில் முளைக்கவில்லை, மற்றக் கால்களின் வரிசையில் முதலாவதாக நிற்கிறது. எறும்பின் முழங்கை மடிப்பும் அதில் இல்லை. காலுக்கு எங்கெங்கே மூட்டு வேண்டுமோ அங்கங்கே மூட்டு. முகத்தை நேருக்கு நேர் பார்த்தால் ஐயமே எழாது. நடுவில் இரண்டு பெரிய கண்கள் உங்களையே பார்க்கும். மொத்தம் எட்டுக் கண்கள், எல்லாம் தனிக்கண்கள்.

ஆனால் கண்ணுக்கு ஆறு கால்தானே தெரிந்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. இந்தச் சிலந்தியின் உறவான இன்னோர் எறும்புச் சிலந்தியை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லோரும் நினைத்ததற்கு மாறாக, அது நடக்கும்போது எட்டுக் கால்களையும் ஊன்றியே நடக்கிறது. நடையின் நடுவே அடிக்கடி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சட்டென்று நிற்கிறது. அந்த இடைவெளியில் முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டுகிறது. இதைப் பிரித்துப் பார்க்கும் வேகம் நம் கண்ணுக்கும் இல்லை, அதை வேட்டையாடும் பல உயிர்களின் கண்ணுக்கும் இல்லை. நடையும் நிற்றலும் ஒன்றாகக் கலந்து, கொம்பை ஆட்டிக்கொண்டே ஆறு காலில் போகும் எறும்பாகத் தெரிகிறது. எறும்புகள் தடம் பிடித்து வளைந்து வளைந்து போவதைப் போல நடைபாதையைக்கூட வளைத்துக்கொள்கிறது. நீங்கள் ஆறு என்று எண்ணியதற்குக் காரணம் இது. உங்கள் இடத்தில் யார் நின்றிருந்தாலும் ஆறுதான் எண்ணியிருப்பார்கள்.

இத்தனை பாடுபட்டு நடிப்பதற்குப் பதிலாக நிஜமாகவே ஓர் இணை உணர்கொம்பை வளர்த்துக்கொள்ளக் கூடாதா அந்தச் சிலந்தி? இங்கேதான் வகைப்பாட்டின் உண்மையான அடித்தளம் இருக்கிறது. சிலந்தி, தேள், எறும்பு, நண்டு, பூரான் எல்லாம் கணுக்காலிகள். கண்டம் கண்டமாக அமைந்த உடம்பும், மூட்டுள்ள கால்களும், மேலே கெட்டியான தோலும் கொண்ட பெருங்குடும்பம். கருவிலேயே இவற்றின் உடம்பு முன்னிருந்து பின்னாகக் கண்டங்களாகப் பிரிகிறது. எந்தக் கண்டத்தில் கொம்பு, எதில் தாடை, எதில் கால் என்பதை ஹாக்ஸ் ஜீன்கள் முடிவுசெய்கின்றன. உடலின் எந்த இடத்தில் எந்த உறுப்பு வர வேண்டும் என்று சொல்லும் மரபணுக்கள் அவை. பழ ஈயில் இவற்றுள் ஒன்று இடம் மாறி வேலை செய்தால், தலையில் உணர்கொம்பு வர வேண்டிய இடத்தில் முழுக் காலே முளைத்துவிடுகிறது. கொம்பும் காலும் அடிப்படையில் ஒரே வகை உறுப்பின் இரண்டு வடிவங்கள் என்பது அந்த ஈயைப் பார்த்தாலே விளங்கிவிடும். இந்த மரபணுக்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த எட்வர்டு லூயிஸ் 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிலந்திக்கு உணர்கொம்பு இல்லாமல் போனது எப்படி? அந்தக் கொம்பைத் தாங்கிய கண்டமே அதற்கு மறைந்துவிட்டது என்று நெடுங்காலம் பாடநூல்கள் எழுதிவந்தன. 1998இல் சிலந்திக் கருவிலும் உண்ணியினக் கருவிலும் ஹாக்ஸ் ஜீன்கள் எங்கே இயங்குகின்றன என்று பார்த்தபோது அது தவறென்று தெரிந்தது. அந்தக் கண்டம் இருக்கிறது. எறும்பில் உணர்கொம்பு முளைக்கும் அதே கண்டத்தில் சிலந்திக்குக் கெலிசெரா முளைக்கிறது, அதாவது நஞ்சுப் பல் தாங்கிய தாடை. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. இரையைக் கடிக்கும் கருவியை விட்டுக்கொடுத்துவிட்டுக் கொம்பு வாங்க முடியாது. நிறம் மாறலாம், வயிறு ஒடுங்கலாம், தலைமார்பில் பள்ளம் விழலாம், நடை மாறலாம். இவையெல்லாம் மேற்பூச்சு, தலைமுறைதோறும் சிறிது சிறிதாக மாறக்கூடியவை. எந்தக் கண்டத்தில் எது என்பது கருவின் ஆரம்பத்திலேயே தீர்மானமாவது. அதில் கைவைத்தால் பெரும்பாலும் உயிர் தங்காது. நாங்கள் நிறத்தையும் உருவத்தையும் ஒதுக்கிவிட்டு உறுப்பு முளைத்த இடத்தை நம்புவது இதனால்தான்.

இந்தச் சிலந்தியில் ஆண் இன்னும் சுவையானது. அதன் தாடைகள் முன்னோக்கி மிக நீளமாக நீண்டு, நுனியில் தடித்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு முசுறு இன்னொரு முசுறைக் கவ்வித் தூக்கிப் போவது போல இருக்கும். முசுறுகள் உண்மையிலேயே ஒன்றையொன்று தூக்கிச் செல்வதுண்டு என்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை. உங்கள் மரத்தில் சுமையோடு போகும் முசுறு ஏதாவது தென்பட்டால் சுமையின் கால்களைத் தேடுங்கள். சுமைக்குக் கால் இல்லையென்றால் அது ஆண் சிலந்தியாக இருக்கலாம்.

இந்த வேடம் எறும்பை ஏமாற்றிக் கூட்டுக்குள் நுழைவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. முசுறு தன் கூட்டாளியைக் கண்ணால் அறிவதைவிட வாசனையால்தான் அறிகிறது. உருவ ஒற்றுமை அதனிடம் எடுபடாது. அகப்பட்டால் இந்தச் சிலந்தியைக் கடித்துக் கிழித்துவிடும். ஆகவே சிலந்தி எறும்புத் தடத்தின் ஓரத்திலேயே வாழ்கிறது, ஈ போன்ற சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது, எறும்பு நெருங்கினால் விலகிப் போகிறது. வழி இல்லையென்றால் நூல் விட்டுத் தொங்குகிறது. நீங்கள் பார்த்தது அந்தத் தப்பித்தல்தான். வேடம் வேறு பார்வையாளர்களுக்கு: பறவைகள், குளவிகள், கும்பிடுபூச்சிகள், மற்றச் சிலந்திகள். முசுறு கடித்து, கடித்த இடத்தில் பார்மிக் அமிலத்தையும் பீய்ச்சும். காய் பறிக்க ஏறியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டமாகவும் வந்துவிடும். அதனால் பல வேட்டையாடிகள் எறும்பு உருவத்தைக் கண்டாலே ஒதுங்குகின்றன. எறும்பையே அதுவரை பார்த்திராத கும்பிடுபூச்சிக் குஞ்சுகள்கூட எறும்பையும் எறும்புச் சிலந்தியையும் தவிர்த்ததைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

எறும்பைத் தின்பதற்காக எறும்பு வேடம் போடும் சிலந்தியும் இல்லாமல் இல்லை. அதுவும் முசுறு மரத்திலேயே இருக்கும். அமைசியா என்ற நண்டுச் சிலந்தி அது. அதன் வயிற்றுக் கடைசியில் இரண்டு கரும்புள்ளிகள் உண்டு, பார்த்தால் முசுறின் கண்கள் போலவே இருக்கும். அதாவது அதன் பின்பக்கம்தான் எறும்பின் தலை. தனியே வரும் எறும்பைப் பிடித்துக்கொண்டு, மற்ற எறும்புகள் உதவிக்கு வருமுன் நூலில் இறங்கித் தொங்கியபடியே உண்ணும். அப்படியானால் நீங்கள் பார்த்தது இதுவாக இருக்காதா? நூலில் தொங்கியது ஒரே ஒரு உருவம் என்று எழுதியிருக்கிறீர்கள், இரையோடு இல்லை. அமைசியாவின் வயிறு பருத்திருக்கும், இடை ஒடுங்காது. அதைச் சட்டென்று யாரும் முசுறு என்று சொல்லிவிட மாட்டார்கள். இருந்தாலும் அடுத்த முறை வயிற்றுக் கடைசியில் அந்தக் கரும்புள்ளிகள் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

எதை வைத்து முடிவுசெய்வது என்று கேட்டீர்கள். இந்தச் சிலந்தியைத் தாண்டி வீட்டில் நீங்கள் காணும் பெரும்பாலான கணுக்காலிகளுக்கும் உதவும்படியாகச் சொல்கிறேன். உணர்கொம்பைத் தேடுங்கள். ஓர் இணையும் இல்லையென்றால் சிலந்தி, தேள், உண்ணி வகையறா. இரண்டு இணை இருந்தால் இறால், நண்டு வகை, இறாலில் அந்த நீள மீசைகளையும் அவற்றருகே இருக்கும் குட்டைக் கொம்புகளையும் சமையலறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஓர் இணைதான் என்றால் கால்கள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மார்பில் மட்டும் மூன்று இணை என்றால் பூச்சி. உடம்பு நெடுகக் கால் என்றால் பூரானோ மரவட்டையோ. ஒரு கண்டத்துக்கு ஓர் இணை இருப்பது பூரான், பெரும்பாலான கண்டங்களில் இரண்டு இணை இருப்பது மரவட்டை. முன்னதிடமிருந்து விலகி இருங்கள். பின்னது கடிக்காது, சுருண்டு கொள்ளும், அதை மிதித்துக் கொல்ல அவசியமே இல்லை.

சிலந்தியைப் பூச்சி என்று யாராவது சொன்னால் கேலி செய்ய வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உயிர்களுக்கு முறையாகப் பெயர் சூட்டிய லின்னேயஸே 1758இல் சிலந்தி, தேள், நண்டு, பூரான் எல்லாவற்றையும் பூச்சி வகுப்பில்தான் போட்டார். அவர் வகுப்புக்குள் பிரித்தது இறக்கையை வைத்து, இறக்கை இல்லாதவை எல்லாம் ஒரே கூடைக்குள் விழுந்தன. 1800ஐ ஒட்டித்தான் பிரான்ஸில் லாமார்க் சிலந்திகளையும் நண்டுகளையும் வெவ்வேறு வகுப்புகளாகப் பிரித்தார். கதை அங்கேயும் முடியவில்லை. பூச்சிகள் நண்டு-இறால் கூட்டத்துக்குள்ளிருந்தே கிளைத்தவை என்று அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முசுறுக்குச் சிலந்தியைவிட இறால் நெருங்கிய சொந்தம். கொம்பின் எண்ணிக்கையை வைத்து நாம் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தாலும், வம்சாவளியில் அவை ஒரே வீடு. இனம் காணக் கண்ணுக்குத் தெரியும் உறுப்பு போதும். உறவைக் காணச் சில சமயம் மரபணுவும் வேண்டும்.

கடைசியாக, பார்க்கும் முறை. முசுறு நிறைந்த கிளையை உலுக்காதீர்கள். பறித்த காயோடு கீழே வந்து, கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே, விட்டுவிட்டு ஓடும் ஒன்று தென்பட்டால் அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் தபால் அட்டை ஒன்றை நுழைத்து எடுங்கள். டம்ளர் சுவரில் அது ஏறும்போது அடிப்பக்கம் நன்றாகத் தெரியும். செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்துப் படமெடுத்தால், நின்று காலைத் தூக்கும் அந்தக் கணமே அகப்படலாம். மகளும் மகனும் சேர்ந்து பார்க்கட்டும். இந்தச் சிலந்தியால் மனிதருக்குத் தீங்கு இல்லை. பார்த்து முடித்ததும் பிடித்த மரத்திலேயே விடுங்கள். ஆனால் முசுறு வரிசை போகும் கிளையில் விட வேண்டாம். அங்கே விட்டால், டம்ளருக்குள் அலைந்து களைத்த சிலந்தி நூல் விடுமுன்பே மாட்டிக்கொள்ளும். ஓரத்துக் கொப்பில், எறும்பு இல்லாத இலையாகப் பார்த்து அட்டையைச் சாய்த்தால் போதும்.